அப்பாவுக்குச் சிவப்பு நாற்காலி

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நாம் சண்டைக்கு வந்துவிடுவோம் என்பதால் கடிதம்.

இத்துடன் என் புதிய புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். புகழ்பெற்றவர்களின் வாழ்க்கையை வைத்து மனிதர்களின் பிறவிக் குணத்தை விளக்கும் புத்தகம். குணங்கள் நான்கே. கொதிப்பவர், துள்ளுபவர், ஆழ்ந்தவர், ஆறியவர். இதற்காக என் பயிற்சி வகுப்புகளில் அதே வரிசையில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நாற்காலிகள் வைத்திருக்கிறேன். ஒருவரைக் கால் மணி நேரம் பேசவிட்டால் போதும், அவருக்கான நாற்காலி எது என்று சொல்லிவிடுவேன். பெரிய பெரிய நிறுவனங்கள் இதற்காக என்னை அழைக்கின்றன. பல் செட் செய்கிற கூடத்தில் இதற்கெல்லாம் தேவை இருக்காது என்பதால் உனக்குப் புதிதாக இருக்கலாம்.

புத்தகத்தில் ஒரு தளபதி வருகிறார், ஒரு பாடகி வருகிறார், ஒரு மலையேறி வருகிறார். ஐந்தாம் அத்தியாயத்தில் அப்பா. நாட்டு அணிக்குப் பதினொரு வருடம் கோல்கீப்பராக நின்றவர், அந்த ஒரு பெனால்டியைப் பிடித்ததற்காக இன்றும் பேசப்படுகிறவர், சிவப்பு நாற்காலிக்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மைதானத்தில் அவர் தன் அணிக்காரர்களைப் பார்த்துக் கத்தியது மேல்வரிசைவரை கேட்டதாம். ஓய்வு பெற்ற பிறகு பத்திரிகைகளுக்குக் கொடுத்த பேட்டிகளிலும் அதே நெருப்பு. பதினெட்டு வருடப் பேட்டிகளையும் தேடிப் படித்துவிட்டேன். கொதிப்பவரால் பொய் சொல்ல முடியாது, பொய்க்குப் பொறுமை வேண்டும் என்று மூன்றாம் அத்தியாயத்தில் நிறுவியிருக்கிறேன். அதனால் அப்பா சொன்ன ஒவ்வொரு பதிலையும் அப்படியே நம்பி எடுத்தாண்டிருக்கிறேன். அவரோடு நான் பேசிப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது ஒருவகையில் வசதிதான். ஆராய்ச்சியின் குறுக்கே பாசம் வராது.

எனக்கு வேண்டியது இரண்டு. பெனால்டியைப் பிடிக்கும் அந்தப் புகைப்படம், அதைப் போட்டுக்கொள்ள அவருடைய சம்மதம். நீ வாங்கி அனுப்பிவிட்டால் நான் நேரில் வரவேண்டியிருக்காது.

தம்பி


மார்ச் 6

புரொபசருக்கு,

எட்டு வயதில் உனக்கு நான் வைத்த பெயர். கிண்டலுக்கு வைத்தது. நீ அதையே தொழிலாக்கிக்கொள்வாய் என்று எனக்கு அப்போது தெரியாது.

அத்தியாயத்தை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். எங்கள் கூடத்தில் எல்லோரும் வந்து என்ன விஷயம் என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன். அப்பா மைதானத்தில் கத்தினார், ஆகவே கொதிப்பவர். வீட்டில் வாயே திறக்கமாட்டார், அதுவும் "அடக்கப்பட்ட கொதிப்பு". கத்தினாலும் கொதிப்பு, கத்தாவிட்டாலும் கொதிப்பு. தூங்கினால் என்னப்பா, கொதித்துக் களைத்த கொதிப்பா? உன்னிடம் மாட்டிக்கொண்டவன் எந்தப் பக்கம் ஓடினாலும் நீ நாற்காலியோடு எதிரே நிற்கிறாய். நீ அப்பாவோடு ஒப்பிட்டிருக்கும் அந்தத் தளபதி போருக்கு முந்தின நாள் கூடாரத்தில் அழுதாராம், அதனால் நீலம் என்கிறாய். கூடாரத்துக்குள் யாராவது வெங்காயம் நறுக்கினார்களா என்று விசாரித்தாயா?

உன் வித்தை எனக்குப் புதிது என்று வேறு எழுதியிருக்கிறாய். போன வருடம் எங்கள் முதலாளி உன் சீடன் ஒருவனைக் காசு கொடுத்துக் கூட்டி வந்தார். டை கட்டிய பையன். வாரக் கடைசி வேலை கெட்டது. நான் அன்று பல்வலியோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். பேசினால் வலிக்கும் என்று பேசவில்லை. கால் மணி நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க ஆறியவர் மேடம், உங்களுக்குக் கோபமே வராது" என்று பச்சை நாற்காலியில் உட்காரவைத்தான். பல் கூடத்தில் இருந்துகொண்டு பல்வலியைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன், பிறவிக் குணத்தைக் கண்டுபிடிக்கிறான். எங்கள் கூடத்தில் நாலே அளவில் பல் செட் செய்து வைத்துக்கொண்டு, வருகிற வாய்களையெல்லாம் அதில் அடக்கப் பார்த்தால் ஜனங்கள் செட்டைக் கழற்றி எங்கள் மேலேயே எறிவார்கள். உன் தொழிலில் அந்த ஆபத்து இல்லை.

புகைப்படம் கிடையாது. சம்மதமும் கிடையாது. அத்தியாயத்தை எடுத்துவிடு.

இன்னொரு விஷயம். அப்பாவின் தொண்டையில் இருப்பது நல்ல கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மார்ச் 26 காலை அறுவைச் சிகிச்சை. குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். ஆனால் அதற்குப் பிறகு பேச்சு இருக்காது. வாசலில் மணி அடித்தால் அப்பா தலையைத் தூக்குகிறார். "அவன் வருவானா?" என்று கேட்கிறார். பால்காரரையும் தபால்காரரையும் நீ என்று நினைத்து ஏமாறுகிறார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. 26க்கு முன்னால் வந்துவிட்டுப் போ. உன் நாற்காலிகளை அங்கேயே வைத்துவிட்டு வா.

அக்கா


மார்ச் 10

அக்காவுக்கு,

உடல்நிலை பற்றி வருந்துகிறேன். இதை முறைக்காகச் சொல்லவில்லை. செலவு எதுவாக இருந்தாலும் எழுது, அனுப்பிவைக்கிறேன்.

வர முடியாது.

என் துறையைக் கேலி செய்வது சுலபம். படிக்காதவர்கள் எல்லோரும் செய்வதுதான். உன் கேலியில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. வீட்டில் உனக்கு எப்போதும் அந்த வேலைதான். அப்பாவின் தொப்பியைத் துலக்குவது, அப்பாவுக்கு வந்த தபாலைப் பிரிப்பது, மீதி நேரத்தில் என்னை மட்டம் தட்டுவது. முப்பத்தாறு வயதில் இன்னமும் அதே வீட்டில், அதே மாடியில் இருக்கிறாய். என் சீடன் பல்வலியைக் கவனிக்கவில்லை, சரி. ஆனால் பச்சை நாற்காலியை அவன் தப்பாகக் கொடுத்துவிட்டான் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பா வாய் திறக்காதது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? பத்தொன்பது வருடம் அதே மேசையில் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். பள்ளியில் பரிசு வாங்கினேன் என்று சொன்னேன். பேச்சுப் போட்டியில் ஜெயித்தேன் என்று சொன்னேன். பக்கத்தில் ஒரு ஆள் பேசுகிற நினைப்பே இல்லாமல் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். நீ அவருக்கு மறுபக்கத்திலிருந்து உப்பைக் கேட்டால் உடனே திரும்புவார். இதை அடக்கப்பட்ட கொதிப்பு என்று நான் எழுதியது பெருந்தன்மை. வேறு பெயர்கள் என்னிடம் இருந்தன.

அப்புறம் அந்தப் பேட்டி. மகன் உங்களைப் போல கோல்கீப்பராக வருவாரா என்று நிருபர் கேட்டதற்கு, "அவனா? அவனை நம்பி வீட்டுக் கதவைக்கூட ஒப்படைக்க மாட்டேன்" என்று பதில். அதையே கொட்டை எழுத்தில் தலைப்பாகப் போட்டார்கள். கல்லூரியில் என்னைக் கண்டால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு குனிந்து வணக்கம் போட்டார்கள். அந்த மாதமே வீட்டை விட்டு வந்தேன். யாரும் தடுக்கவில்லை.

அந்தக் குரலை நான் வேண்டிய அளவு கேட்டுவிட்டேன். அதன் கடைசி நிகழ்ச்சிக்கு எனக்கு டிக்கெட் வேண்டாம். புகைப்படத்துக்குப் பத்திரிகை அலுவலகத்தில் கேட்டுக்கொள்கிறேன். புத்தகம் மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

தம்பி


மார்ச் 14

புரொபசரே,

உன் பெருந்தன்மையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு.

இதை உன்னிடம் சொல்லவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது சொல்லத்தான் போகிறேன். நீ பதினெட்டு வருடப் பேட்டிகளைத் தேடித் தேடிப் படித்தாயே, கோடு போட்டு, குறிப்பெடுத்து, குணம் கண்டுபிடித்தாயே, அதற்கெல்லாம் பதில் எழுதியது நான். பெனால்டி பிடித்த நாள் வருடா வருடம் வந்தால் பத்திரிகைகளிலிருந்து கேள்விகள் தபாலில் வரும். அப்பா உறையைப் பார்த்துவிட்டு, "என்னத்தச் சொல்றது, பந்து வந்துச்சு, புடிச்சேன்" என்பார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அதை எழுதி அனுப்பினால் யார் போடுவார்கள்? அம்மா கெஞ்சினாள். பதினெட்டு வயதிலிருந்து அந்தக் கேள்விகளுக்கெல்லாம் நான்தான் உட்கார்ந்து எழுதினேன்.

உன் அத்தியாயத்தில் நாற்பத்தோராம் பக்கம் பார். "தோல்வியைச் சிரித்துக்கொண்டே ஏற்பவன் விளையாட்டுக்காரன் இல்லை, விருந்தாளி." இதைப் படித்துவிட்டு "மாபெரும் கொதிப்பவரின் அசல் குரல்" என்று புல்லரித்திருக்கிறாய். வீட்டு வாடகையை ஏற்றிவிட்டார்கள் என்ற எரிச்சலில் நான் எழுதியது அது. "தாமதமாக வருகிறவன் என் எதிரியைவிடக் கேவலமானவன்." அது எங்கள் கூடத்தில் ஒருத்திக்காக எழுதினது. அடுத்த பக்கத்தில், "இவரோடு வாழ்வது எரிமலையின் பக்கத்தில் குடியிருப்பது போன்றது" என்கிறாய். நன்றி. நீ பன்னிரண்டு வருடமாக மூன்று ஊர் தள்ளிக் குடியிருக்கிறாய்.

ஆக, உன் சீடன் என்னைப் பச்சை நாற்காலியில் உட்காரவைத்தான். நீ அதே என்னைச் சிவப்பில் உட்காரவைத்திருக்கிறாய். ஒரே ஆள், இரண்டு நாற்காலி. எதற்கும் மீதி இரண்டிலும் என் பெயரை எழுதி வைத்துவிடு.

மைதானத்தில் ஏன் கத்தினார் தெரியுமா? பத்தொன்பது வயதில் ஒரு பந்து இடது காதில் அடித்தது. அன்றிலிருந்து அந்தக் காது கேட்காது. சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று மறைத்தார். விளையாட்டை விட்ட பிறகும் வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்தார். அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தன் குரல் அடுத்தவனுக்கு எட்டுகிறதா என்று அவருக்கே தெரியாது. அதனால் கத்தினார். பிறவிக் குணமாம்.

மேசையில் நீ எந்தப் பக்கம் உட்கார்ந்தாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த வரியை இன்னொரு தடவை படி.

அந்தக் காலத்தில் நான் உன்னிடம் சொல்லியிருக்கலாம். உன்னிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் அது பேச்சுப் போட்டிக்குப் போய்விடும். அதனால் சொல்லவில்லை.

நேற்று அப்பா சவரம் செய்துகொண்டு வெளிச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். "நான் எங்க போறேன்? வந்தா பாக்க நல்லாருக்கணும்ல" என்றார். அந்தக் குரல் இப்போதே பாதி காற்றாகத்தான் வருகிறது. 26ஆம் தேதி அதுவும் கிடையாது. உன் கோபத்தை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளேன், அது எங்கே ஓடிவிடப்போகிறது.

அக்கா


மார்ச் 17

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். காது விஷயத்தைப் பற்றி இப்போது எழுத என்னால் முடியவில்லை.

ஒரே ஒரு கேள்வி. எல்லாப் பதிலும் உன்னுடையது என்றால், கதவைப் பற்றிய அந்தப் பதில்? அது அப்பா சொன்னதா, நீ சொன்னதா?

சுற்றி வளைக்காதே. கேலியும் வேண்டாம். அப்பாவா, நீயா, ஒரே வார்த்தை. பொய் சொல்லும் பொறுமை உனக்குக் கிடையாது, அது எனக்குத் தெரியும். புத்தகத்தை உன் பதில் வரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

நான் சொன்னதுதான்.

அந்த நிருபர் மட்டும் நேரில் வந்தார். அப்பா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார், அவரை யார் எழுப்புவது? வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து நானே பேசி அனுப்பினேன். "அப்பா சொன்னதா போட்டுக்கோங்க சார்" என்றேன். மகனைப் பற்றிக் கேட்டார். நீ அந்த வாரம் என் சைக்கிளைப் பூட்டாமல் விட்டுத் தொலைத்திருந்தாய். அந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அதைப் போய்த் தலைப்பாகப் போடுவார்கள் என்று யார் கண்டது. அப்பா அதைப் படிக்கவே இல்லை. அவர் எந்தப் பேட்டியைத்தான் படித்தார்? நீ ஏன் வீட்டை விட்டுப் போனாய் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

ஆகவே உன் பன்னிரண்டு வருடக் கோபம் தப்பான விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதை என் பக்கம் திருப்பிவிடு. எனக்குப் பழக்கம்தான். வந்து என் முகத்தில் கத்து, மேல்வரிசைவரை கேட்கிற மாதிரி கத்து, எனக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கும். அப்பாவிடம் மட்டும் அதைக் காட்டாதே. அவர் அப்பாவி.

உன் சிவப்பு நாற்காலியை எனக்கே கொடுத்துவிடு. அத்தியாயத்தில் பெயரை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும்.

26க்கு முன்னால் வா.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

இவ்வளவு மோசமாகப் பொய் சொல்கிற ஒருத்தியை என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

முதலில் சைக்கிள். அது அதற்கு முந்தின வருடமே தொலைந்தது. தொலைத்தது நீ. அப்பாவிடம் என் பெயரைச் சொன்னாய்.

அடுத்தது, நிருபர் வந்த அன்று நீ வீட்டிலேயே இல்லை. பல் கூடத்தில் உனக்கு அது முதல் வாரம். சாயங்காலம் கையெல்லாம் சுண்ணாம்பு மாவோடு வந்து, அம்மாவிடம் என்ன விசேஷம் என்று கேட்டாய்.

நான் இருந்தேன். கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். நிருபர் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பது இப்போது ஞாபகம் வருகிறது. அந்த மனிதர் கேட்டதும் அப்பா யோசிக்கக்கூட இல்லை. "அவனா?" என்று சிரித்தார். அப்புறம் கதவு. என் காதால் கேட்டேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை, பேப்பரில் படித்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். வீட்டிலேயே ஒருத்தரும் இல்லாத மாதிரி அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதில் தெரிந்துகொண்டேதான் உன்னிடம் கேட்டேன். அது சோதனை. என் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு வைக்கிற மாதிரி உனக்கும் வைத்தேன். கேவலமான வேலைதான், நீ திட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கொதிப்பவளுக்குப் பொய் வராது, "ஆமாம்டா, அப்பாதான் சொன்னார், அதுக்கு என்ன இப்போ" என்று நீ எழுதுவாய் என்று உறுதியாக இருந்தேன். எழுதியிருந்தால் மூன்றாம் அத்தியாயம் பிழைத்திருக்கும், புத்தகம் அச்சுக்குப் போயிருக்கும், நான் இங்கேயே இருந்திருப்பேன். பதிலுக்கு நீ ஒரு பக்கம் முழுக்கப் புளுகியிருக்கிறாய். பழியைத் தூக்கி உன் தலையில் போட்டுக்கொண்டு, அதையும் என்னைத் திட்டிக்கொண்டே செய்திருக்கிறாய். உன்னை எந்த நாற்காலியில் உட்காரவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். மூன்று போனால் ஐந்து நிற்காது. பதிப்பாளர் காலையில் போனில் கத்தினார். அவர் என்ன வகை என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, பணம் போட்ட மனிதர் கத்துகிறார், அவ்வளவுதான்.

நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அவர் சொன்னது சொன்னதுதான். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவரிடமே கேட்கப்போகிறேன். பதில் சொல்லக் குரல் இருக்கும்போதே கேட்கவேண்டும்.

24ஆம் தேதி மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன். மேசையில் அப்பாவுக்கு வலது பக்கம் இத்தனை வருடமாக நீ உட்கார்ந்திருக்கிறாயே, அந்த நாற்காலி எனக்கு வேண்டும். காலி செய்து வை.

தம்பி